பச்சை முத்திரைக்கு ஒரு தவளை

"குளத்துல தவளை இருக்கு," என்றாள் இயற்கைப் பண்ணைகளுக்குப் பச்சை முத்திரை கொடுக்கும் ஆய்வாளர் நோரீன் ஒசாவா.

"இருக்காம என்ன?" ஆல்டர் ப்ரிச்செட் நெஞ்சை நிமிர்த்தினார். "விஷம் படாத தண்ணிம்மா இது. தவளை இருக்கும், தட்டான் இருக்கும். போன வாரம் ஒரு கொக்கு வந்து ஒரு மணி நேரம் நின்னுட்டுப் போச்சு. எழுதிக்குங்க, கொக்கு."

"கொக்குக்குக் கட்டம் இல்லை சார். தவளைக்கு ரெண்டு கட்டம் இருக்கு. இது என்ன தவளை?"

"என்ன தவளைன்னா? தவளைன்னா தவளைதான்!"

நோரீன் படிவத்தை மடிமேல் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். காளைத் தவளை என்றால் அது கிழக்கேயிருந்து வந்த வேண்டாத பிராணி, கண்டதையெல்லாம் தின்றுவிடும். குளத்தை மொத்தமாக வடித்து அதை ஒழிக்க வேண்டும். சிவப்புக்கால் தவளை என்றால் அது இந்த மலைக்கே உரியது, அதற்கு இடம் கொடுத்த பண்ணைக்குத் தனி மதிப்பெண் உண்டு. எது என்று தெரியாமல் பச்சை முத்திரை குத்த முடியாது.

"ஜூன் மாசத்துல குளத்தை வடிச்சா என் செடி எதைக் குடிக்கும்? ஓடையிலேர்ந்து எடுக்கக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானே?"

"ஆமா சார். அதனால, சிவப்புக்காலா இருக்கணும்னு வேண்டிக்குங்க. பத்து நாள் கழிச்சு வரேன்."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கிப் போனது. ஆல்டர் அது போன திசையைப் பார்த்துக் கொதித்துக்கொண்டு நின்றார்.

கொதிக்காமல் என்ன செய்வார்? பத்தொன்பது வருஷமாக இந்த ஹம்போல்ட் மலைச் சரிவில் கலப்பை படாத மண்ணில் கஞ்சா வளர்க்கிறார்; இங்கே இப்போது அது சட்டம் அனுமதித்த பயிர். 'வளர்க்கிறார்' என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். "நான் கஞ்சா வளர்க்கலை, மண்ணை வளர்க்கிறேன். செடி அதுவா வருது" என்று தபால்காரரிடமும், பல் வைத்தியரிடமும், பல் வைத்தியரின் வாய்க்கருவிகளுக்கு நடுவிலும் சொல்லியிருக்கிறார். வரிசைக்கு வரிசை இடையில் மண்ணை மூட மணப்புல். பூச்சியைத் தின்னப் பூச்சி. மீன் தலையையும் காஞ்சொறியையும் பீப்பாயில் ஊறவைத்து உரம். அந்த வாசனைக்குப் பயந்துதான் தபால்காரர் கடிதங்களை மெயின் ரோட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

இத்தனைக்கும் பிறகு முத்திரை கிடைக்காவிட்டால் அவருடைய பூ அடிமாட்டு விலைக்கு நேராக எண்ணெய் ஆலைக்குப் போகும். யாருடைய பூவோடு? வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் டுவேன் ஸ்காக்ஸின் பூவோடு. ஒரே சாக்கில்!

டுவேன் வெள்ளை பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அறுநூறு விளக்கு போட்டு, டீசல் ஜெனரேட்டர் ஓட்டி, வருஷத்துக்கு நாலு போகம் எடுப்பவன். அது போதாதென்று எப்போதும் சிரித்த முகம் வேறு. ஆல்டரால் மன்னிக்கவே முடியாதது அந்தச் சிரிப்பைத்தான்.

"பிடிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடப் போகுது," என்றாள் அவர் மனைவி ரோவீனா. "முதுகுல ரெண்டு பக்கமும் மடிப்புக் கோடு இருந்தா சிவப்புக்காலாம். புத்தகத்துல போட்டிருக்கு."

நல்ல யோசனை. ஆல்டர் நூடுல்ஸ் வடிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு குளக்கரையில் குப்புறப் படுத்தார். தவளை ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அவர் எட்டினார். அது நகர்ந்தது. இன்னும் எட்டினார். அப்போது கரை அவரோடு சேர்ந்து எட்டிவிட்டது. மண் சரிந்து, ஆல்டர் தலைகீழாக விழுந்து, எழுந்து பார்த்தபோது தாழ்வான பக்கத்துக் கரையில் ஒரு வாய் திறந்து தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறிக்கொண்டிருந்தது.

"சல்லடை எங்கே?" என்று கேட்டாள் ரோவீனா.

"குளமே போகுது, உனக்குச் சல்லடை!"

சத்தம் கேட்டு டுவேன் மண் வாரும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றான். "என்ன ஆல்டர், நீச்சலா? தள்ளிக்கப்பா, ரெண்டு தட்டு தட்டினா அடைஞ்சுடும்."

"டீசல் சக்கரம் என் குளக்கரையில ஏறாது!"

"தண்ணி போகுதேய்யா."

"போகட்டும். கௌரவமாப் போகட்டும்."

டுவேன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான். ஆல்டர் களிமண்ணை வெட்டி உடைப்பில் கொட்டினார். அதை மிதித்து இறுக்க வேண்டும். அதற்கு அவரிடம் இயற்கையான வழி இருந்தது. அடிவாரத்துப் பெண்மணி ஒருத்தியின் பதினோரு ஆடுகளை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தார்.

"பார்த்துக்கோ ரோவீனா. நாலு கால் இருக்கு, புகை கிடையாது, போற போக்குல எருவும் போடும். இதுதான் இயந்திரம்!"

இயந்திரங்கள் கால் மணி நேரம் ஒழுங்காக மிதித்தன. பிறகு ஒன்று தலையைத் தூக்கி மணப்புல்லைப் பார்த்தது. மற்றப் பத்தும் அதைப் பார்த்தன. மணப்புல் முடிந்த இடத்தில் நாலாவது வரிசை தொடங்கியது. ஆல்டர் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு ஓடினார். ஆடுகள் அவரைச் சுற்றி வழிவிட்டு, பின்னால் போய் மறுபடி சேர்ந்துகொண்டன.

"பதினேழு செடி!" என்று கத்தினார். "பதினேழு! வேரோட!"

"ஆடு இயற்கைதானே," என்றாள் ரோவீனா.

தின்று முடித்த ஆடுகளுக்கு உலகத்தின் மேல் ஒரு பெரிய கருணை பிறந்தது. மெதுவாக நடந்து வந்து, உடைப்பின் மேலேயே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்தன. மறுநாள் காலை வரை எழுந்திருக்கவில்லை. அந்தக் கனத்தில் களிமண் இறுகி உடைப்பு நன்றாகவே அடைபட்டிருந்தது. இந்த வெற்றியை ஆடுகளோடு பங்கிட்டுக்கொள்ள ஆல்டருக்கு மனமில்லை.

பாதிக் குளம் மிஞ்சியது. தவளையும் மிஞ்சியது. நோரீனுக்குப் போன் போட்டார்.

"பிடிக்க வேண்டாம் சார்," என்றாள் அவள். "காதால கேட்டாலே போதும். காளைத் தவளை இந்த மாசம் சாயங்காலத்துல மாடு மாதிரி கத்தும். மூணு சாயங்காலம் சத்தமே இல்லைன்னா அது அநேகமா சிவப்புக்கால்."

ஆல்டர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குளக்கரைக்குப் போனார். உட்கார்ந்தார். காதைத் தீட்டினார்.

டுர்ர்ர்ர்ர் என்றது டுவேனின் ஜெனரேட்டர்.

தவளை கத்தினாலும் அதுதான், கத்தாவிட்டாலும் அதுதான். ஒரு மாட்டு மந்தையே வந்து கத்தியிருந்தாலும் அதுதான். ஆல்டர் நாற்காலியை உதைத்துவிட்டு வேலிக்குப் போனார்.

"டுவேன்! யோவ் டுவேன்!"

டுவேன் கூடாரத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்னப்பா, உன் இயந்திரமெல்லாம் எழுந்திருச்சாச்சா?"

"நிறுத்து அந்தச் சனியனை! ஒரு உயிர் பேசுறதைக் கேட்க முடியலை எனக்கு."

"யாரு, ரோவீனாவா?"

"தவளை!"

டுவேன் கொஞ்சம் யோசித்தான். "சாயங்காலம் அரை மணி நேரம் நிறுத்துறேன். போதுமா? செடிக்கு ஒண்ணும் ஆயிடாது."

இதைவிட மோசமான பதிலை அவன் சொல்லியிருக்க முடியாது. மறுத்திருந்தால் ஆல்டர் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பார். அரை மணி! பத்தொன்பது வருஷம் இந்த மலையைக் காப்பாற்றியவருக்கு, டீசல்காரன் அரை மணி நேரம் தானம் போடுகிறான்!

"எனக்கு உன் சலுகை வேண்டாம்," என்றார். "சட்டம் இருக்கு. எல்லையிலேர்ந்து நூறடிக்குள்ள ஜெனரேட்டர் வைக்கக் கூடாது. நீ எத்தனை அடியில வெச்சிருக்கேன்னு நான் அளக்க வைக்கிறேன்."

"அளந்துக்கோயேன்," என்று சிரித்தான் டுவேன்.

வீட்டில் ரோவீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவன்தான் நிறுத்துறேங்கிறானே! மூணு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டுட்டு வேலையைப் பார்க்கலாமே."

"ரோவீனா, இது தவளை விஷயமில்லை. நீதி விஷயம்."

"குளத்துல விழுந்தப்ப தவளை விஷயமா இருந்தது."

ஆல்டர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் நாலு பக்கப் புகார் எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்றரைப் பக்கம் மண்ணைப் பற்றியது. எல்லையை அளந்து கொடுத்தால்தான் விசாரிக்க முடியும் என்றார்கள். 'அளக்கிறேன், அங்குல அங்குலமாக அளக்கிறேன்' என்று எலாடியோ என்ற நில அளவையாளரை ஏற்பாடு செய்தார். அவனுக்கு ஒழிந்த நாள், நோரீன் திரும்பி வரும் நாளாக இருந்தது. ஆல்டருக்கு அது இன்னும் வசதி. சாட்சியோடு நடக்கட்டும்.

அந்த நாளும் வந்தது. எலாடியோ சூரியகாந்தி விதையை மென்றுகொண்டு முக்காலியைத் தூக்கி மேட்டில் ஏறினான். நோரீன் ரப்பர் பூட்ஸோடு குளத்தில் இறங்கினாள். ஆல்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். காளைத் தவளை என்றால் குளம் போயிற்று, முத்திரை போயிற்று, ஆடு விட்டுவைத்த செடியும் போயிற்று.

நோரீன் குனிந்தாள். ஒரு கையால் தவளையை அள்ளினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"முதுகுல ரெண்டு கோடு. காலுக்கு அடியில சிவப்பு." அவள் முகம் மலர்ந்தது. "சிவப்புக்கால்தான் சார்! இந்த மலையில எங்க கணக்குல வர்ற முதல் தவளை. குளத்துக்குச் சொந்தக்காரருக்கு முழு மதிப்பெண். முத்திரை உறுதி."

ஆல்டர் பதினெட்டு வயதுப் பையன்போல் துள்ளினார். ரோவீனாவைக் கட்டிக்கொண்டார். ஆனால் மனம் ஆறினாலும் கோபம் ஆறவில்லை. வேலியோரம் நின்று கை தட்டிக்கொண்டிருந்த டுவேனைப் பார்த்ததும் அது புதிதாகக் கிளம்பியது.

"கை தட்டுறியா? நல்லாத் தட்டு. மேடம், பாதுகாக்கப்பட்ட பிராணிக்குப் பக்கத்துல ஜெனரேட்டர் ஓட்டுறவனுக்கு உங்க விதியில என்ன இருக்கு?"

"இருக்கு. அந்த நிலத்துக்கு மூணு வருஷம் முத்திரை கிடையாது. ஆனா சார், அவர் முத்திரையே கேட்கலையே."

"கேட்டாலும் கிடைக்கக் கூடாது! எழுதுங்க."

"சார், ஒரு நிமிஷம்," என்றான் எலாடியோ, மேட்டிலிருந்து இறங்கி வந்து.

"இரப்பா. எழுதுங்க மேடம். மூணு வருஷம். மையில எழுதுங்க, பென்சில் வேண்டாம்."

"சமாதானமாப் போகலாமே ஆல்டர்," என்றாள் ரோவீனா மெல்ல.

"சமாதானமா? இவனுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்? நான் இந்தக் குளத்தை மம்முட்டியால வெட்டினேன். மழைத்தண்ணியைச் சொட்டுச் சொட்டாச் சேர்த்தேன். அந்தத் தவளை இங்கே வந்தது யாரை நம்பி? என்னை நம்பி! இந்தப் புகைப்பிசாசை ஊருக்கே அடையாளம் காட்டணும். இரக்கம் காட்டாதீங்க மேடம். அதிகபட்சம் என்னவோ அதை எழுதுங்க, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

போட்டார். இரண்டு இடத்தில். நோரீன் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"சார்," என்றான் எலாடியோ இரண்டாம் முறையாக.

"இப்ப சொல்லுப்பா. அவன் ஜெனரேட்டர் எல்லையிலேர்ந்து எத்தனை அடி?"

எலாடியோ விதைத் தோலைத் துப்பினான். கையிலிருந்த இளஞ்சிவப்பு நாடாச் சுருளை ஒருமுறை பார்த்தான். மேட்டிலிருந்து எல்லைக் கோடாக அவன் கட்டிக்கொண்டு வந்த நாடா, வேலியை நடுவில் வெட்டிக்கொண்டு சாய்வாகப் போயிருந்தது. முதலில் அதைக் கவனித்தவள் ரோவீனா. அவள் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

"இந்த வேலியை யாரோ மான் தடத்தைப் பார்த்துப் போட்டிருக்காங்க சார்," என்றான் எலாடியோ. "குளம் முழுசா டுவேன் சாரோடது, ஜெனரேட்டர்தான் உங்க மண்ணுல நிக்குது."