நூற்றேழு டிகிரி காய்ச்சல் கண்ட கம்ப்யூட்டர்

அரைகுறையாகக் கற்றவனுக்கு வருகிற தைரியம் முழுதாகக் கற்றவனுக்கு ஒருநாளும் வராது. சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு நான் தருமபுரிக்குத் திரும்பியபோது, அந்தத் தைரியம் மூட்டை கட்டி விற்கும் அளவுக்கு என்னிடம் இருந்தது. எண்பதுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு புளி வியாபாரி கம்ப்யூட்டர் ஜாதக நிலையம் திறந்து, என்னை ஆபரேட்டராக உட்கார வைத்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டம் போட்டு ஜாதகம் அச்சாகி வரும். ஜோசியர் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வந்துவிடும் என்பதால் நல்ல கூட்டம்.

"பெட்டிய மட்டும் தொறந்துராத. சீல் ஒடைஞ்சா கம்பெனிக்காரன் கைய விரிச்சிருவான்" என்பது முதலாளி எனக்குப் போட்டிருந்த ஒரே கட்டளை.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. ஆன் செய்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு திரை அப்படியே நின்றுவிடும். அணைத்து ஆறவிட்டால் மறுபடி ஓடும். தொட்டுப் பார்த்தேன், பெட்டி கொதித்தது. புராசஸர் சூடாகிறது என்று அந்த நொடியே சொல்லிவிட்டேன். (இந்தக் கதையில் நான் சரியாகச் சொன்னது இது ஒன்றுதான்.)

எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டாமா? கீழே மெடிக்கலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து பெட்டியின் காற்றுத் துளையில் செருகினேன். நூற்றேழு. மேஜை விசிறியைத் திருப்பி வைத்தேன். நூற்றேழு. அணைத்துவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் நூற்றேழு. மனுஷனாக இருந்தால் ஜன்னி கண்டிருக்கும். இது உள்காய்ச்சல், சூடு புராசஸருக்குள்ளேயே தங்கிவிட்டது என்று முடிவு கட்டி, துண்டை நனைத்துப் பிழிந்து பெட்டியின் தலையில் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி சட்டை.

"இதானுங்களா கம்ப்யூட்டரு?" என்றார், ஈரத்துண்டைப் பார்த்தபடி.

"ஆமாங்க. கொஞ்சம் காய்ச்சல். உக்காருங்க."

பொருத்தம் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். பெண்ணுக்கு ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. பையனுக்கு எங்கள் ஊர், இண்டூர். பையனின் பிறந்த தேதியைத் தட்டும்போது என் விரல் நின்றது. அது என் தேதி. நேரமும் என் நேரம்.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பெண் இருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். போட்டோவையும் காட்டியிருந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள்தான், பொருத்தம் பார்க்கிற சாக்கில் மாப்பிள்ளையையும் சொல்லாமல் கொள்ளாமல் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். இவர்கள் முகம் சுளித்துப் படியிறங்கினால் அந்தப் பெண் எனக்குக் கிடையாது.

ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "ரெண்டே நிமிஷங்க" என்றேன். பிரிண்டர் கரகரவென்று ஓடியது. தினம் உண்டு. கணம் உண்டு. யோனி உண்டு. வரிசையாக உண்டு போட்டுக்கொண்டே வந்து, ரஜ்ஜு என்று அடித்துவிட்டு நின்றுவிட்டது. (பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு இல்லையென்றால் மற்ற ஒன்பதும் இருந்து பயனில்லை.)

"ரஜ்ஜு உண்டுங்களா, இல்லீங்களா?"

"உண்டுங்க."

"மெசின் சொல்லலியே?"

"சொல்லிருங்க. சூட்டுல வாயடைச்சுக் கெடக்குது. நூத்தியேழு டிகிரி."

அவர் தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது சரியாக் காட்டுதுங்களா?"

நானா விடுவேன்? சட்டையில் துடைத்து என் வாயிலேயே வைத்துக் காட்டினேன். நூற்றேழு. அந்த அம்மா பதறி எழுந்து என் நெற்றியில் கை வைத்தார்.

"ஒடம்பு ஜில்லுனுதான இருக்குது" என்றார்.

சந்தேகம் வேண்டாம் என்று குடிதண்ணீர் சொம்புக்குள் விட்டேன். நூற்றேழு.

"தண்ணிக்குங் காய்ச்சலா தம்பி?" என்றார் அவர்.

அந்த அம்மா தெர்மாமீட்டரை வாங்கினார். கையை ஓங்கி மூன்று உதறு உதறித் திருப்பிக் கொடுத்தார். பாதரசம் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. ஏறின பாதரசம் உதறினால்தான் இறங்கும் என்பது பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சேலத்திலும் சொல்லித் தரவில்லை.

அவமானத்தில் காது எரிந்தது. முகத்தை மறைக்க இடம் தேடி, வயரைப் பார்ப்பதுபோல் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். அங்கே ஆயுத பூஜைக்கு நான் பக்தியோடு கட்டிய சாமந்திச் சரம் தொங்கியது. முன்பக்க மாலையைக் கழற்றியவன் பின்பக்கத்தை மறந்திருக்கிறேன். சரத்தின் நூல் உள்ளே போய், சூட்டை வெளியே தள்ளுகிற ஃபேனைச் சுற்றி இறுக்கியிருந்தது. சுவிட்சை அணைத்து, பிளேடால் அறுத்து இழுத்தேன். மறுபடி போட்டதும் ஃபேன் சுற்றியது. உள்ளே கிடந்த குங்குமமும் காய்ந்த இதழ்களும் என் முகத்தில் வந்து அப்பின. அந்தக் கோலத்தில்தான் எழுந்து நின்று, எல்லாவற்றையும் மறுபடி தட்டி, அச்சாகி வந்த முழுத்தாளைக் கொடுத்தேன். ரஜ்ஜு உண்டு.

"நல்லதுங்க" என்று வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அவர் சிரிக்கக்கூட இல்லை. கதை முடிந்தது என்று அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தேன்.

சில நாள் கழித்துத் தரகர் வீட்டுக்கு வந்து, பெண்ணின் அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "பையனுக்கு வெவரம் பத்தாதுங்க. ஆனா ஒரு தகரப் பெட்டிக்கே ஈரத்துணி போட்டுப் பாத்துக்கறவன், எம்புள்ளைய வுட்டுருவானா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவி என்னோடு வாதாடியதே இல்லை. நான் எதையாவது அடித்துச் சொன்னால் வலது கையை மூன்று தடவை உதறுவாள், அவ்வளவுதான். அது பிள்ளைகளுக்கும் தொற்றியது. போன மாதம், தங்கம் விலை இனி இறங்கத்தான் செய்யும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, புது மருமகன் மிகுந்த மரியாதையோடு மேஜைக்கு அடியில் கையை உதறுவதைப் பார்த்தேன்.