உத்தரவில்லாமல் நுரைத்த திராட்சை

திராட்சைச் சாறு தானாகவே நுரைத்து ஒயினாகும் என்பது இயற்கையின் ஏற்பாடு. அதற்கு இயற்கை யாரிடமும் முன் அனுமதி பெறவில்லை என்பது, நாசிக்குக்கு வடக்கே எங்கள் பிம்பள்சேத் கிராமத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

என் பக்கத்து நிலத்துக்காரர் யஷ்வந்த் கைர்னார். சந்தைக்குத் தின்கிற திராட்சை போட்டுக்கொண்டிருந்தவர், மனைவி மந்தாகினியின் பேச்சைக் கேட்டு அந்தக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு ஒயின் திராட்சை நட்டார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சில வருஷம் காத்திருந்து முதல் அறுவடையைப் பிழிந்து தொட்டியில் விட்டார்கள். சாறு நுரைக்க ஆரம்பித்தது. உரிமத்துக்குப் போட்ட மனுவோ இன்னும் மேஜை மாறிக்கொண்டிருந்தது.

கலால் இன்ஸ்பெக்டர் டோங்ரே வந்து தொட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"இது யார் உத்தரவுல நுரைக்குது?"

"தானாத்தான் சாஹேப்," என்றார் யஷ்வந்த்.

"அப்ப நிறுத்தச் சொல்லுங்க."

"நான் சொன்னா இவர் கேப்பாரு, சாஹேப். சாறு கேக்காது," என்றாள் மந்தாகினி.

டோங்ரே நேர்மையானவர். லஞ்சத்துக்குக் கை நீட்ட மாட்டார். ஆகவே அவரிடம் பேசி ஒன்றும் ஆகாது. உரிமம் வரும்வரை நுரைத்தல் ஒத்திவைக்கப்படுவதாக அறிவித்து, கொட்டகையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். தொட்டியின் மூடியை மட்டும் திறந்தே விடச் சொன்னார். மூடிவிட்டால் உள்ளே நடப்பது அரசின் கவனத்துக்கு வராமல் போய்விடுமாம். காற்றுப் பட்டால் புளித்து வினிகராகிவிடும் என்று மந்தாகினி கெஞ்சினாள். வினிகர் தன் இலாகாவில் வராது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

உரிமம் வந்தபோது கோடை முடிந்திருந்தது. பூட்டைத் திறந்ததும் அடித்த நெடியில் யஷ்வந்த் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மந்தாகினி ஒரு கரண்டி வாயில் வைத்து, துப்பிவிட்டு, வெங்காயம் ஊறப்போட ஆகும் என்றாள். அன்று அவர்கள் வீட்டில் பாக்ரி ரொட்டி சுடவில்லை.

அந்த நேரம் பார்த்து, வளரும் ஒயின் வட்டாரங்களை ஊக்குவிக்க அரசு நியமித்த சுவை நிபுணர் ரணதிவே, கழுத்தில் பட்டுத்துணியோடு மும்பையிலிருந்து வந்து இறங்கினார். கூடவே டோங்ரேயும். இதைக் கொட்டப் போகிறோம் என்று யஷ்வந்த் சொல்லச் சொல்ல, நிபுணர் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் தளும்பியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சுளித்தால் ஒயின் தெரியாதவர் ஆகிவிடுவார்.

"மண்ணு பேசுது," என்றார்.

"என்ன பேசுது?" என்று கேட்டாள் மந்தாகினி.

"துணிச்சலாப் பேசுது, வஹினி," என்றார், அண்ணி என்று முறை வைத்து.

அதன்பின் பிம்பள்சேத் ஒயின் இல்லாத விருந்து மும்பையில் விருந்தாகவே கருதப்படவில்லை. குடித்தவர்கள் கண் கலங்கினார்கள். காரணத்தை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

வினிகர் விற்றுப் பேர் வாங்கியதில் மந்தாகினிக்கு மனம் ஆறவில்லை. மறுவருஷம் மூடி போட்டு, பக்குவம் பார்த்து, ஒழுங்காக ஒயின் செய்தாள். நான் குடித்துப் பார்த்தேன். அவர்களைப் பார்த்துச் சிரித்ததற்கு வெட்கமாயிருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. ரணதிவே ஒரு வாயோடு கோப்பையைத் தள்ளிவைத்தார். இதில் வட்டாரத்தின் குணம் இல்லையாம். டோங்ரே கலப்படம் என்றே தீர்மானித்தார். பிம்பள்சேத் ஒயின் என்றால், மூடி திறந்து, கோடை முழுதும் அரசு முத்திரையின் கீழ்க் கிடந்ததாக இருக்கவேண்டும் என்று அதற்குள் விதியே வந்துவிட்டிருந்தது. அவ்வளவையும் வாய்க்காலில் கொட்டச் சொன்னார்.

"இதை வினிகர்னு எழுதிக்கோங்களேன் சாஹேப். உங்க இலாகால வராதில்ல?" என்றாள் மந்தாகினி.

"வினிகருக்கு உரிமம் இருக்கா?"

மந்தாகினி தானே தொட்டியின் குழாயைத் திருகித் திறந்தாள். வாய்க்கால் சிவப்பாக ஓடி மறையும்வரை அங்கேயே நின்றாள். யஷ்வந்த் பார்க்க வரவில்லை.

இப்போது நான் உட்பட ஊரில் எல்லோரும் ஒயின் திராட்சைதான். தொட்டியைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். போன வாரம் என் மகளின் நிச்சயத்துக்கு வந்த சம்பந்திக்கு எங்கள் தோட்டத்து ஒயினை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரமாதம், இன்னொரு கோப்பை ஊற்றுங்கள் என்றார். ஊற்றினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் குடித்தேன்.