மண்ணாங்கட்டியின் பேரன்

“பேரன்னா தாத்தா பேரு. இதுல யோசிக்க இன்னா இருக்குது?” என்று மணியம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். “நாளான்னிக்குப் பேர் வைக்கறோம். குழந்தை காதுல மூணு வாட்டி ‘மண்ணாங்கட்டி’னு சொல்லப்போறேன்.”

“சொல்லிப் பாரு அக்கா. நான் அந்தக் காதைப் பொத்திக்கினு நிப்பேன்,” என்றார் மண்ணாங்கட்டி.

ஐம்பத்தைந்து வருஷமாக அந்தப் பேரைச் சுமந்தவர் அவர். செங்கல், ஜல்லி, சிமெண்டு மூட்டை என்று திருவண்ணாமலையில் எத்தனையோ கட்டடங்களுக்குச் சுமந்திருக்கிறார். அதெல்லாம் சாயங்காலம் இறக்கி வைக்கிற சுமை. பேரை மட்டும் இறக்க முடியவில்லை. மேஸ்திரி யாரைத் திட்டினாலும் இவர்தான் திரும்பிப் பார்ப்பார். நாற்பத்தெட்டு வயசில் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தபோது, முதலில் அவரவர் பேரை எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த சக்கரபாணி எட்டிப் பார்த்து, “இன்னாய்யா, திட்டறதையெல்லாம் எழுதிக்கினு இருக்கே?” என்றான்.

அக்கா விடவில்லை. “எனக்கும் உனக்கும் நடுவுல மூணு பொறந்துச்சு. மூணும் போச்சு. உன்னைக் குப்பையில போட்டுப் புரட்டி எடுத்து அந்தப் பேரை வெச்சாங்க. எமனே, ‘இது இன்னாத்துக்கு’னு விட்டுட்டுப் போயிட்டான். அந்தப் பேருதான்டா உன்னைக் காப்பாத்துச்சு.”

“காப்பாத்தினதுக்கு ஒரு கும்பிடு. அது என்னோடயே போவட்டும்.”

சுவரோரமாகக் குழந்தையை மடியில் போட்டிருந்த மருமகள் எழிலரசி தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவளுடைய முதல் குழந்தை எட்டாம் நாளே போய்விட்டது. இவன் இரண்டாவது. மூன்று மாசம் ஆகிறது. அதிகம் பேசாத பெண். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்கிற வழக்கத்தை இந்தக் காலத்திலும் கெட்டியாகப் பிடித்திருப்பவள். ஆஸ்பத்திரியில் நர்சு மாமனார் பேரைக் கேட்டபோது, வெளியே போய் ஒரு மண்கட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். நர்சு அதைத் தட்டிவிட்டு மறுபடியும் பேரைக் கேட்டார்.

மண்ணாங்கட்டி மகன் புகழேந்தியை அழைத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார். நட்சத்திரத்துக்கு ஏற்ற எழுத்து என்று ஏதாவது வந்தால் அக்கா வாயை அடைத்துவிடலாம்.

ஜோசியர் விரல்விட்டு எண்ணினார். “மக நட்சத்திரம். ‘ம’வுல ஆரம்பிக்கணும்.”

“வேற எழுத்தே கிடையாதா சாமி?”

“மி, மு, மே இருக்குது. ஆனா ‘ம’தான் விசேஷம்.”

“வீட்ல சொல்லிடாதடா,” என்று மகனிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். புகழேந்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உளறிவிட்டான். மணியம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சரி, சீட்டுப் போடுவோம். குழந்தை எதை எடுக்குதோ அதான் பேரு,” என்றார் அவர்.

“போடு. என் சீட்டையும் நீயே எழுது. நீதான் படிச்சவனாச்சே.”

பாலாஜி, அறிவுமதி, தசரதன் என்று ஒன்பது சீட்டுகளைப் பெரிதாக மடித்தார். அக்காவின் சீட்டை மட்டும் மிளகு அளவுக்குச் சுருட்டித் தட்டின் ஓரத்தில் ஒளித்தார். குழந்தையைத் தட்டின்மேல் கவிழ்த்துப் பிடித்தார்கள். பெரிய சீட்டுகள் பிஞ்சுக் கைக்கு அடங்காமல் நழுவின. விரலிடுக்கில் சிக்கி வந்தது அந்த மிளகுதான்.

அவர் வாங்கிப் பிரித்தார். குரலில் நடுக்கம் இல்லாமல், “அறிவுமதி,” என்று படித்தார்.

புகழேந்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “அப்பா, இது உங்க பேருப்பா.”

“பாத்தியா? ஜோசியரும் சொல்லிட்டாரு, சாமியும் சொல்லிடுச்சு,” என்றாள் மணியம்மாள்.

“சாமியே நேர்ல வந்து சொன்னாலும் கேக்க மாட்டேன். நாளைக்கே முனிசிபாலிட்டியில வேற பேர் பதிஞ்சுடறேன். கவர்மெண்டு எழுத்தை யார் அழிக்கறாங்கனு பாக்கறேன்.”

“இன்னா பேரு?”

அங்கேதான் மாட்டிக்கொண்டார். பாலாஜி என்றால், “அவன் கோழி திருடனாச்சே,” என்றாள். தசரதன் என்றால், “பொண்டாட்டி கிட்ட அடி வாங்கினவன்,” என்றாள். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பேருக்கும் ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தினாள்.

“இந்த ஊர்ப் பேரே வேணாம்,” என்று மருமகள் பக்கம் திரும்பினார். “எழிலு, நீ ஆசிரமத்துக்கிட்ட கெஸ்ட் ஹவுஸ்ல வேலை செஞ்சவளாச்சே. வெளிநாட்டுப் பேரா ஒண்ணு சொல்லும்மா. யாரும் கிண்டல் பண்ணக் கூடாது.”

எழிலரசி குழந்தையை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “ஆதாம்னு இருக்குது மாமா. இஸ்ரேல்ல இருந்து ஒருத்தர் வந்து தங்கியிருந்தாரு, அவர் பேரு. அவங்களோட ஹீப்ரு பாஷைப் பேராம். ரொம்பப் பழசாம். உலகம் பூரா அந்தப் பேர்ல ஜாஸ்தி பேர் இருக்காங்கனு சொன்னாரு.”

“அர்த்தம்?”

“மொத மனுஷன் பேரு அதானாம் மாமா.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். “எல்லா வரிசையிலயும் என்னைக் கடைசியா நிறுத்தினாங்க. என் பேரன் மொத ஆளு. எழுதிக்கோ அக்கா.”

“எனக்கு எழுதத் தெரியாது,” என்றாள் மணியம்மாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சாந்த் பாஷாவின் ஆட்டோவில் போனார்கள். “நல்ல பேரு அண்ணே. நாங்க ஆதம்னு சொல்லுவோம். எங்க அக்கா பேரன்கூட ஆதம்தான்,” என்றார் பாஷா. ஆபீசில் இருந்த அம்மாள், “எங்க தம்பி பையனும் ஆதாம்தான்,” என்றார். மண்ணாங்கட்டி தன் கையாலேயே விண்ணப்பத்தை எழுதினார். எழுத்துக் கோணலாக வந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பேரை எழுதி, எதிரில் இருப்பவர் சிரிக்காமல் வாங்கிக்கொண்டதை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார்.

பேர் வைக்கிற நாளில் மணியம்மாள் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “நீ சொல்லலைன்னா இன்னா, நான் சொல்றேன்,” என்று அவரே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி குழந்தையின் காதில் மூன்று தரம் “ஆதாம்” என்றார்.

சாந்த் பாஷா கேசரியைச் சாப்பிட்டபடி, “மண்ணுல வேலை செய்யற குடும்பத்துக்கு ஏத்த பேரு அண்ணே,” என்றார்.

“இதுல மண்ணு எங்க வந்துச்சு பாய்?”

“ஆதம்னாலே மண்ணுதானே. மண்ணைப் பிசைஞ்சு படைச்சதாலதான் அந்தப் பேருனு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லுவாரு. நீங்க தெரிஞ்சுதான் வெச்சீங்கனு இல்ல நெனச்சேன்?”

மூலையில் இருந்த மணியம்மாள் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். மண்ணாங்கட்டி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“எழிலு, இது உனக்குத் தெரியுமா?”

எழிலரசி குழந்தையின் நெற்றியில் இருந்த மையைச் சரிசெய்தாள்.

“தெரியும் மாமா. உங்களைக் காப்பாத்தின பேரு இவனையும் காப்பாத்தட்டும்னுதான் நெனச்சேன். உங்க பேரை நான் வாயால சொல்லக் கூடாதில்ல, அதான் வேற பாஷையில சொன்னேன்.”