சுடலைமுத்து அழிய மறுக்கிறார்

அடுத்தவர் தப்பைத் திருத்துவதில் எனக்கு அலாதிப் பிரியம். வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் வந்த வியாதி. (கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் முதலில் பேனாவைத் தேடுவேன்.)

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இணையதளம் கட்ட உதவும் இலவச மென்பொருள் ஒன்று அப்போது புதிது. அதைச் செய்தவர்களே பயிற்சிப் பாடங்களையும் இணையத்தில் போட்டு, பிழை கண்டால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். விடுவேனா? பதினோரு பிழைகளை அனுப்பினேன். மகிழ்ந்துபோய், ஐந்தாம் பாடத்தை நீயே திருத்தி எழுதித் தா என்றார்கள்.

அந்தப் பாடம் இதுதான்: ஒரு ஆளின் பெயரைப் பதிய வேண்டும், பட்டியலில் பார்க்க வேண்டும், பிறகு அழிக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே. கைநாட்டு வைக்கிற என் அப்பாவின் பெயர் உலகத்தை ஒருமுறை சுற்றி வரட்டும் என்று 'சுடலைமுத்து' என்று போட்டேன். கண்கூடக் கலங்கியது. கடைசியில் அழிப்பதும் அவரைத்தான் என்பது உறைக்கவில்லை.

பாடம் வெளியான மூன்றாம் வாரம், பனி பெய்யும் ஏதோ ஊரிலிருந்து ஒருவர் எழுதினார்: "சுடலைமுத்துவை அழித்துவிட்டேன். கணினியை அணைத்துப் போட்டால் திரும்ப வந்து நிற்கிறார்." மறுநாள் இன்னொருவர்: "மூன்று முறை அழித்தேன். போக மறுக்கிறார்."

அன்றுதான், புதூர்ப் பக்கத்து எங்கள் ஊரில், ஆடு மேய்த்த இடத்தில் அப்பா சுருண்டு விழுந்தார். பஸ் பிடித்து ஓடினேன். காய்ச்சல். நடுப்பகலில் உடம்பு அனலாகும், கண் சொருகும். சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து கஞ்சி கேட்பார். வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. காற்றில்லை. ஆடுகள் இரை எடுக்காமல் எங்கள் வாசலையே பார்த்து நின்றன.

அம்மாவுக்குத் தெம்பு சொல்வதாக நினைத்து அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். (அறிவாளி!) 'வாரேன்' என்பதற்குப் பதில் 'போறேன்' என்றாலே நம் வாயைப் பொத்துகிறவள் அவள்.

"ஏலே, அவியள எழுதி எழுதி அழிக்கச் சொல்லிருக்கியா?"

"பாடம்மா அது."

"எத்தன பேரு படிக்கான்?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்."

அப்பாவுக்குக் கண் சொருகியது. "இந்தா, இப்ப எவனோ அழிக்கான்," என்றாள் அம்மா, அடங்கிய குரலில். சிரிக்கப் பார்த்தேன். அப்படியே அப்பாவின் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்து, "எங்கனயோ கூட்டிட்டுப் போயி, திரும்பக் கொண்டாந்து விட்டுட்டானுவ" என்றார்.

அழித்த பெயர் திரும்பி வருவதன் காரணம் எனக்குத் தெரியும். அழித்ததை நிலைப்படுத்தும் ஒரு வரியை நான் பாடத்தில் எழுதாமல் விட்டிருந்தேன். அதைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லித் தொலைத்தேன்.

"சேத்தா?"

"ஒரேயடியா அழிஞ்சிரும்."

அம்மா வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். கோவில்பட்டி பஸ் போய்விட்டது. மறுநாள், அந்த வரியைச் சேர்க்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

சென்டரில் உட்கார்ந்தால், உலகமே படிக்கும் பொது மடலில் மென்பொருள் குழுத் தலைவர் கேட்டிருந்தார்: ஒரு வரிதானே, ஏன் தாமதம்? "எங்கள் அம்மா அனுமதிக்கவில்லை" என்று பதில் போட்டேன். அது இன்றும் இணையத்தில் இருக்கிறது.

கடைசியில் அம்மாவே வழி சொன்னாள். ஆளை எடுத்துவிட்டு மிளகாய் மூட்டையைப் போடு, அதை எவன் அழித்தால் நமக்கென்ன. போட்டேன், விட்ட வரியையும் சேர்த்தேன். அன்றைக்கே காய்ச்சல் இறங்கியது. (ஊசி முந்தின நாளே போட்டாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

இன்றும் அப்பா ஆடு பத்திக்கொண்டு நேரம் கழித்து வந்தால், "அழிச்சாலும் வாரவிய வந்துட்டாவ, சோத்தப் போடு" என்பாள் தங்கச்சி.

போன மாதம் ஒரு கடிதம். பழைய பாடத்தை யாரோ எங்கிருந்தோ எடுத்துப் படித்திருக்கிறார். "பட்டியலில் ஒருவர் இன்னும் நிற்கிறார். என்ன செய்வது?"

திருத்தக் கை துறுதுறுத்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"நிக்கட்டும்," என்றாள். "பதில் போடாத."