குங்குமம் வைத்த சர்வர்

பல்லாவரத்தில் தூங்கியே பேர் வாங்கிய மனிதர் ஒருவர்தான். எங்கள் ஷூ ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் மெக்கானிக். 'தூங்குமூஞ்சி' என்றால் ஸ்டேஷன் டீக்கடை வரை தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அதன் பெட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பத்து நிமிஷம் அப்படியே கிடப்பார், வாயோரம் லேசான சிரிப்போடு. தொட்டு எழுப்பினால், "டிஸ்க்கு இழுத்துகினு கீது சார்" என்பார். திறந்து பார்த்தால் அதேதான் இருக்கும், என்னத்தைச் சொல்ல.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆபீசின் ஆறு கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்து, எல்லா ஃபைலையும் ஒரே மெஷினில் வைக்க ஏற்பாடானது. அந்த மெஷின்தான் சர்வர். அதற்கென்றே முதலாளி, அப்போது புதிதாக வந்திருந்த 486 என்ற வேகமான ரகத்தில் ஒன்று வாங்கினார். எங்கள் கிழட்டு 386-களுக்கு நடுவில் அது புது மாப்பிள்ளையாக வந்து இறங்கியது.

"சர்வருக்கு இது வேஸ்ட்டு சார். கேட்ட ஃபைலை எடுத்துக் குடுக்கறதுதான் அதும் வேலை. மெமரியும் டிஸ்க்கும் நல்லா இருந்தா போதும், ப்ராசசர் சும்மா தூங்கிகினு கெடக்கும். பழசே தாங்கும். புதுச ஸ்டெல்லா மேடத்துக்குக் குடுங்க" என்றார் தூங்குமூஞ்சி.

"தூக்கத்துல யோசிச்சியா? சர்வர் ஸ்லோவாச்சுன்னா நீ வூட்லயே தூங்கலாம்" என்றார் முதலாளி.

ஸ்டெல்லா அக்கா ஷூ டிசைன் வரைபவர். ஒரு கோட்டை நகர்த்தினால் படம் திரும்பி வருவதற்குள் அவர் டீ குடித்து, டம்ளரையும் கழுவிவிடுவார். அன்றைய டிசைன் முடியாமல் கிளம்ப முடியாது. ஐந்தேகால் ரயில் தினமும் போய்விடும். வண்டலூரில் அவருடைய குட்டிப் பெண், காலியான பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

முதலாளி திருநீர்மலைக் கோயிலுக்குப் போன சனிக்கிழமை மத்தியானம், தூங்குமூஞ்சி இரண்டு பெட்டிகளையும் திறந்தார். 486-இன் ப்ராசசர் இருக்கும் போர்டு அக்காவின் நசுங்கிய பெட்டிக்குள் போனது. அக்காவின் 386 போர்டு சர்வருக்குள் வந்தது. நான் டீ சாஸரில் ஸ்குரூக்களை ஏந்திக்கொண்டு வாசலையே பார்த்தேன். மாட்டினால் இரண்டு பேருக்கும் வேலை போச்சு.

திங்கட்கிழமை முதலாளி சர்வருக்குப் பூஜை போட்டு, பெட்டியின் மூடி சேரும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பினார். யார் கேட்ட ஃபைலும் சட்டென்று வந்தது. "486-னா சும்மாவா?" என்று பூரித்துப்போனார்.

அக்கா நாலரைக்கே டிசைனை முடித்துவிட்டுக் கடிகாரத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். "என் மெஷினுக்கு என்னாச்சு?"

"தூசி தட்டினேன் மேடம்."

ஒரு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து எங்கள் ஷூவை வாங்கும் பையர் ஒருவர் வந்தார். முதலாளி சர்வரைத் தட்டி, "தொறந்து 486-ஐ சாருக்குக் காட்டுப்பா" என்றார். தூங்குமூஞ்சி ஸ்குரூடிரைவரோடு நிதானமாக வந்து, மூடியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தொறக்கலாம் சார். குங்குமம்தான் ரெண்டா புட்டுக்கும்."

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையருக்கு இளநீர் வந்தது. அதற்குப்பிறகு வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த மூடிமேல் குங்குமம் கெட்டியானது. திறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தினமும் ஐந்தேகாலுக்கு ரயில் ஹாரன் கேட்கும்போது தூங்குமூஞ்சி சர்வரில் காதை வைத்தபடி, "ஏறிட்டாங்க" என்பார். அக்காவிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். இன்றும் பல்லாவரத்தில் அந்த ஹாரன் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு நானே சொல்லிக்கொள்கிறேன், "ஏறிட்டாங்கண்ணே" என்று.