பூனை முகத்தில் ஒரு பெயர்

படக்காவலர்கள் என்றொரு இனம் உலகத்தில் பெருகிக்கொண்டே வருகிறது. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வானத்தில் ஒரு மேகம் கொஞ்சம் கோணலாக நின்றுவிட்டால் போதும். நடுத்தெருவில் நின்று, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, முப்பத்தேழு தடவை செல்போனை அமுக்கி, அதில் ஒன்றைப் பொறுக்கியெடுத்து, அதன் குறுக்கே தன் பெயர், இனிஷியல், வருடம், 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று பட்டை பட்டையாக எழுதி, அதற்கப்புறம்தான் ஊருக்குக் காட்டுவார். மேகம் தெரியாது. பெயர் தெரியும்.

யாரிடமிருந்து பாதுகாக்கிறார் என்று கேட்டுவிடாதீர்கள். மனம் நொந்துபோவார்.

நம்முடைய படக்காவலர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பகலெல்லாம் பிறத்தியார் பார்வையைச் சரிசெய்துவிட்டு, மிச்ச நேரத்தில் தன் படங்களுக்குக் காவல் இருக்கிறார். பெயரை ஓரத்தில் போடுகிற ஆசாமிகளைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "ஓரத்துல போட்டா வெட்டிட்டுப் போயிடுவான். நடு மூஞ்சியில போடணும். அப்பத்தான் கைவைக்க மாட்டான்" என்பார். படங்களை வைக்க ஓர் இணையதளமும் உண்டு. அங்கே போய் வலது பொத்தானை அமுக்கினால் 'நகலெடுப்பது குற்றம்' என்று சிவப்பில் ஒரு அதட்டல் வரும். போன மாதம் அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் அவரேதான். நாலாவது அவர் மைத்துனன். அதட்டலைப் பார்த்த கையோடு இன்னொரு செல்போனை எடுத்துத் திரையையே படம்பிடித்து, "இப்ப என்ன அத்தான் பண்ணுவீங்க?" என்று பல்லைக் காட்டிவிட்டான். மூன்று வாரம் அவனோடு பேச்சுவார்த்தை இல்லை.

தினமும் பல் தேய்த்ததும் தன் படங்களை ஒவ்வொன்றாகத் தேடுதளத்தில் போட்டு, யாராவது திருடியிருக்கிறார்களா என்று பார்ப்பார். பதினோரு வருடமாக ஒரே பதில்தான்: அப்படி எதுவும் இல்லை. அவர் முகம் தொங்கிப்போகும். "உஷாராயிட்டானுங்க" என்று முனகுவார். திருடனுக்கு அனுப்ப ஒரு நோட்டீஸ்கூட எழுதித் தயாராக வைத்திருந்தார், பெயர் போட வேண்டிய இடத்தை மட்டும் புள்ளி வைத்து விட்டு. பாவம், புள்ளி புள்ளியாகவே கிடந்தது. நோட்டீஸைத் தடவிக் கொடுத்துவிட்டு, பனித்துளி சொட்டும் ஒரு ரோஜாவைக் 'காலை வணக்கம்' என்று நூற்றுப்பத்துப் பேருக்கு அனுப்புவார். ரோஜா யார் எடுத்தது? யாரோ. மூலையில் அவன் பெயர் இருந்தது. நம்மவர்தான் பதமாக வெட்டி எடுத்தார். அது திருட்டு ஆகாதாம். ஃபார்வேர்டாம்.

இவருடைய கண்டுபிடிப்புகளிலேயே உச்சம் ஒன்று உண்டு. படத்தைச் சின்னதாக்கி, பெயரைப் பதித்து, ஏற்றியதும், பெயர் போடாத மூலப்படத்தை அழித்துவிடுவார். "மூலமே இல்லைன்னா எதைத் திருடுவான்?" மனைவியின் செல்போனில் இருந்தவற்றையும் இப்படியே பாதுகாத்துக் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சறுக்கினார். இரண்டு வருடத்துக்கு முன்னால், பெயர் போடாத படமொன்று அவசரத்தில் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. ஒன்றரை நிமிடத்தில் பதறியடித்துத் திரும்ப எடுத்துவிட்டார் என்றாலும், அந்த ஒன்றரை நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வியர்க்கும்.

அந்தப் படம், மனைவியின் பூனை. முழுக்க வெள்ளை, மூக்குக்குக் கீழே இடது பக்கம் மட்டும் கறுப்பாக ஒரு தீற்றல். அதனால் பெயர் அரைமீசை. குழந்தையில்லாத வீட்டில் எட்டு வருடமாக அதுதான் ராஜ்யம். அந்த அம்மாள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிற வாக்கியம் ஒன்றுதான்: "என்னங்க, கதவ சாத்துங்க, அது வெளிய ஓடிடும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்று மேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர், கதவைச் சாத்தவில்லை. அரைமீசை போய்விட்டது.

மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கார்களின் அடிவயிறு என்று தேடாத இடமில்லை. மத்தியானம்வரை அந்த அம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அதுக்கு ரோடு தெரியாதுங்க, வண்டி தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். படக்காவலருக்கும் துக்கம்தான், பொய் சொல்லக்கூடாது. உடனே தன் தளத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து, 'காணவில்லை' என்று குழுவில் போட்டார்.

"பூனை எங்க சார்?" என்று முதல் பதில் வந்தது. "பூனை காணோமா, இல்ல உங்க ஸ்டுடியோ விளம்பரமா?" என்றது இரண்டாவது. மூன்றாவதாக ஒருவர் நல்லெண்ணத்தோடு ஏதோ ஒரு வெள்ளைப் பூனையைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். அது அவரைப் பிறாண்டிவிட்டு இறங்கி ஓடியது.

அரைமீசைக்கு நூற்று நாற்பது படங்கள் இருந்தன. நூற்று நாற்பதிலும் நடு மூஞ்சியில், சரியாக மீசை இருக்க வேண்டிய இடத்தில், தடித்த வெள்ளை எழுத்தில் அவர் பெயர்.

"ஒண்ணுகூடவா மிச்சம் வைக்கல?" என்றார் மனைவி. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

போஸ்டராவது அடிப்போம் என்று, இருப்பதிலேயே நல்ல படத்தோடு கீழ்த்தளத்துப் பிரிண்ட் கடைக்கு இருவரும் போனார்கள். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். இடது பக்கம் மட்டும் கறுப்பு மீசை என்று அந்த அம்மாள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"நம்ம மீசைக்காரனா! இருங்கக்கா, எங்கிட்ட கிளீனா ஒண்ணு இருக்கு."

திரும்பி அலமாரியிலிருந்து ஒரு காபிக் கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் அரைமீசை. பளிச்சென்று, அரை மீசையும் முழுத் திமிருமாக. எழுத்து ஒன்றுகூட இல்லை.

"ரெண்டு வருஷம் முந்தி குரூப்புல வந்துச்சு சார். பாத்ததுமே பிடிச்சுப்போச்சு, சேவ் பண்ணிட்டேன். யார் போட்டதுன்னு பாக்கறதுக்குள்ள போயிடுச்சு. இதுவரைக்கும் ஆறு கப் போட்டாச்சு!"

பதினோரு வருடத் தவம் ஐயா! திருடன் எதிரே நிற்கிறான், சிரித்த முகமாக, கையில் தடயத்தோடு, வாயில் வாக்குமூலத்தோடு. நோட்டீஸ் செல்போனில் இருக்கிறது. புள்ளிகளை நிரப்புவதுதான் பாக்கி. படக்காவலரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

கை வெளியே வந்தது. "அந்தப் படத்தையே போட்டு... எட்டு போஸ்டர் குடுங்க" என்றார் படக்காவலர்.

மறுநாள் சாயங்காலமே பலன் கிடைத்தது. மூன்று தெரு தள்ளி ஒரு சலவைக்கடையில், வெதுவெதுப்பான துணி மூட்டைமேல் படுத்திருந்த அரைமீசையை, விளக்குக்கம்பத்துப் போஸ்டரைப் பார்த்த பெண்ணொருத்தி மீசையை வைத்தே கண்டுபிடித்துப் போன் செய்தாள். அந்த அம்மாள் பூனையைக் கட்டிக்கொண்டு அழுதார். நம்மவருக்கும் கண் கலங்கியது. வீட்டுக்கு வரும் வழியிலேயே மைத்துனனுக்குப் போன் போட்டார். "டேய், என் படத்தைத் திருடிட்டாங்கடா! ஆறு கப்பு போட்டிருக்கான்!" கல்யாணச் செய்திகூட யாரும் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.

இதோடு திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போகிற வழியில் விளக்குக்கம்பத்தைப் பார்த்தார். போஸ்டர் அப்படியே இருந்தது. அவர் எடுத்த படம், நட்டநடுத் தெருவில், பெயரில்லாமல், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கும்படி! வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி ஓடி, தடித்த மார்க்கர் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு பாய்ந்து கிளம்பினார். எட்டுக் கம்பங்கள். எட்டிலும் நடு மூஞ்சியில், கொட்டை எழுத்தில் பெயர். கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி திரும்பி வந்தார்.

மனைவி வாசலில் நின்றிருந்தார்.

"என்னங்க... கதவ சாத்தாமலா போனீங்க?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். அதற்கு முன்னால் உங்கள் செல்போனைக் கொஞ்சம் இப்படி நீட்டுங்கள் பார்ப்போம். போன வாரம் ஜன்னலோரத் தொட்டியில் ஒரே ஒரு பூ பூத்ததே, அந்தப் படத்தின் மூலையில் என்ன அது? சின்ன எழுத்துதானா? எல்லாரும் சின்ன எழுத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.