வெண்கலம் விடுமுறைக்கு வருவதற்கு முன்

அன்பு நண்பன் வெண்கலத்துக்கு,

நலம். நீயும் நலமாயிருப்பாய் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, குணமானதும் படி.

இக்கடிதத்தில் வருபவை:

1. வீட்டுச் செய்தி.
2. அடுத்த வாரம் இங்கே வரும் நீ வாய் திறக்கக் கூடாத பழைய கதைகள்.
3. அவை என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது என்பது.

முதலாவது. மகனுக்குப் பதவி உயர்வு. சம்பளம் அப்படியே இருக்க, தொப்பை மட்டும் உயர்ந்திருக்கிறது. மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டு கேட்டைச் சாத்துவதில்லை, சாத்தவும் இயலாது. சென்ற விடுமுறையில் நீ பேத்தியிடம், "உங்க தாத்தா கணக்குல மூணு தடவை கோட்டை விட்டவன், கண்ணு" என்று அருளினாய் அல்லவா? அன்றுமுதல் மதிப்பெண் அட்டையை என்னிடம் மட்டுமே நீட்டுகிறாள். "முப்பத்தொண்ணுதானா?" என்று இழுத்தால், "நீங்க எவ்வளவு தாத்தா?" என்கிறாள். சட்டென்று கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எனக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச மரியாதையும் இனி உன் வாயை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டாவது. நாய்க்குப் பயந்து நான் தாவி ஏறிய லாரி புறப்பட்டுவிட்டதையும், அடுத்த ஊரிலிருந்து நடந்தே திரும்பியதையும் சொல்லாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் அச்சக ஆண்டு விழா நாடகத்தைச் சொல்லவே சொல்லாதே. முதல் காட்சியிலேயே செத்துப்போகும் ராஜா நான். கடைசிவரை மேடையில் கிடக்க வேண்டும். கிடந்தேன். படுத்தால் தூக்கம் வராதா? ராணி வேடத்தில் நீ அந்த வெண்கலத் தொண்டையில், "போயிட்டீரே ராஜா!" என்று அலறியும் என் குறட்டைதான் எடுபட்டது. "எங்கேயும் போகலம்மா, தட்டி எழுப்பு!" என்று பின்வரிசையில் எவனோ கத்தினான்.

மூன்றாவது. மனைவிக்கு இதில் ஒரு துளியும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை நான் கம்பீரமானவன் என்று நினைக்கிறேன். கெடுத்துவிடாதே, கும்பிட்டுக் கேட்கிறேன்.

நீ நீண்ட நாள் வாழ்க; கூடுமானவரை மௌனமாக வாழ்க.

உன்,
பழைய ராஜா

பின்குறிப்பு: அச்சகத்தில் நீ மூலப் பிரதியை உரக்க வாசிக்க, நான் பிழை திருத்தியது நினைவிருக்கும். இப்போது நீ இல்லாததால், எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நானே உரக்க வாசித்துச் சரிபார்க்கிறேன். காது மந்தமாகிவிட்டதால் கொஞ்சம் அதிகமாகவே உரக்க. மொத்தக் குடும்பமும் டிவியை அணைத்துவிட்டு என் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. "ஏன் மாமா நிறுத்திட்டீங்க? வாசிங்க!" என்கிறாள் மருமகள்.

மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த நாடகத்துக்கு நானும்தான் வந்திருந்தேன். மூணாவது வரிசை. அந்தக் குறட்டையைக் கேட்டப்புறமும் உங்களைக் கட்டிக்கிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

இரண்டாவதில் நான் போட்ட தடையை மறந்துவிட்டு வந்து சேர். நீ ராணியாக அழுது காட்ட வேண்டுமாம். நான் சும்மா படுத்தால் போதுமாம். மூன்றாவது தவறு.